தாஸ் ஸ்டுடியோவில் இருந்த ஆக்ஸ்போர்டு தெரு

வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிற நாற்றம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. மாட்டுத்தோல் வேகிற மாதிரி இருக்கும். அந்த நாற்றமும், பழைய துணியின் புழுக்கமும், முகத்துக்குப் போடுகிற பவுடர் வாசனையும் சேர்ந்து வந்தால் எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வரும்.

நான் இங்கிலாந்துக்குப் போனதில்லை. ஆறாவதுக்கு மேல் பள்ளிக்கூடமும் போனதில்லை. நான் சொல்வது ஒரு துணியை. திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தாஸ் ஸ்டுடியோ என்று ஒன்று இருந்தது. அதன் உள் அறையில் மேலே மூங்கிலில் கட்டி, சுவர் முழுக்க மறைத்து, தரை வரைக்கும் தொங்குகிற ஒரு துணி. அதில் ஒரு தெரு வரைந்திருந்தது. ஆக்ஸ்போர்டு என்கிற ஊரின் நடுவில் இருக்கிற பெரிய தெரு. பெரிய பெரிய படிப்பு படிக்கிற ஊராம். எங்கள் ஜனங்களுக்கு அது "சீமைத் தெரு". "சீமைத் தெருவுல நிக்க வெச்சி ஒண்ணு எடுங்கண்ணா" என்று கேட்டு வருவார்கள்.

அந்தத் துணி வந்த கதையைத் தாஸ் அண்ணன் எல்லோருக்கும் சொல்லுவார். சர்ச் பள்ளிக்கூடத்தில் இருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருத்தர் ஊருக்குத் திரும்பும்போது அவரிடம் ஒரு காலண்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இருந்த படம் சாமியார் வாலிபத்தில் படித்த ஊர். அந்தத் தெருவில் ரெண்டு பக்கமும் காலேஜ்தான், கல் கட்டடம், நம்ம பாட்டன் முப்பாட்டனுக்கும் முன்னால் கட்டினது, பையன்கள் கருப்பு அங்கி போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார்கள், பெரிய கதவுக்குள்ளேயே ஒரு சின்னக் கதவு இருக்கும், ராத்திரி லேட்டாக வருகிறவன் அதில் குனிந்துதான் போகவேண்டும் என்றெல்லாம் சாமியார் சொல்லியிருக்கிறார். தாஸ் அண்ணன் பாண்டிச்சேரியில் சினிமா பேனர் எழுதுகிற ஒருத்தரைக் கூட்டிவந்து காலண்டரைக் கையில் கொடுத்தார். அவர் எல்லாம் சரியாகத்தான் வரைந்தார். மஞ்சள் கல், சர்ச் கோபுரம், கம்பி போட்ட ஜன்னல். ஆனால் கை பழக்கத்தில் ஒரு தென்னை மரமும் போட்டுவிட்டார். தாஸ் அண்ணன் கத்தினதும் அதை அழித்தார். கோபுரத்துக்குப் பக்கத்தில் உற்றுப் பார்த்தால் ஓலை தெரியும். அப்புறம், "உசிரு இல்லாத ரோடு இன்னா ரோடு" என்று சொல்லி நடுரோட்டில் ஒரு நாயைப் போட்டார். வால் மேலே சுருண்ட நாய். அதை மட்டும் தாஸ் அண்ணன் விட்டுவிட்டார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முதலில் நான் அந்தத் தெருவைப் பார்த்தது ஒரு கருப்பு வெள்ளை போட்டோவில்.

அப்போது நாங்கள் விழுப்புரத்தில் இருந்தோம். அப்பா மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. மல்லாட்டைக் கடலை வருகிற காலத்தில் மூட்டை கூரை வரைக்கும் ஏறும். மூட்டையைக் குத்தி இழுக்க ஒரு இரும்புக் கொக்கி உண்டு, மரப்பிடி போட்டது. மற்றவர்கள் அதைக் கமிட்டியிலேயே மாட்டிவிட்டு வருவார்கள். அப்பா வீட்டுக்குக் கொண்டு வருவார். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அம்மாவும் செல்வி அக்காவும் அங்கேயே கிழிந்த சாக்கு தைக்கிற வேலை செய்தார்கள்.

அப்பா அடிப்பார். இதை வேறு மாதிரி எழுத முடியுமா என்று யோசித்தேன். எனக்கு வரவில்லை. குழம்பில் உப்பு குறைந்தால் அடிப்பார். கூடினால் அடிப்பார். மழை பெய்து வேலை இல்லாமல் போனால் அதற்கும் அடிப்பார். அம்மாவின் சுண்டுவிரல் ஒரு பக்கமாக வளைந்தே இருக்கும். அக்காவுக்கு இடது காது கேட்காது. நான் கடைசி. எனக்கு மிச்சம்தான் வரும்.

வெளியிலும் அப்படித்தான். கமிட்டியில் ஒருத்தன், "மேஸ்திரி, இன்னிக்கு வெள்ளி இல்ல, வியாழன்" என்று சொன்னான். முன்பல் போயிற்று. அதற்குப் பிறகு அப்பா வெள்ளி என்றால் எல்லோருக்கும் வெள்ளி.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். தரகர் நாயகம் பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தார். ஒரு ஆள் கோட்டு போட்டு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் அந்தத் தெரு. அப்பா ஆளைப் பார்க்கவே இல்லை. தெருவைத்தான் பார்த்தார். அவர் ஒரு நாளும் ஸ்டுடியோவுக்குள் போனவர் இல்லை.

"இன்னா தெருய்யா இது. ஒரு குப்பை இல்ல. ஒரு கரண்டுக் கம்பி இல்ல. மாப்ள சீமையில இருக்காரா?"

நாயகம் வாயைத் திறந்தார். அப்பாவின் கை கொக்கிப் பிடியில் இருந்தது. நாயகம் வாயை மூடிக்கொண்டார். தலையை ஆட்டினாரா, எச்சில் விழுங்கினாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாளே கமிட்டி முழுக்கச் சொல்லிவிட்டார். "எம் பொண்ணு சீமைக்குப் போவுது." கேட்டவர்களில் பாதிப் பேர் திண்டிவனம் போய் அதே துணிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தவர்கள். ஒருத்தர் வீட்டில் அவர் கல்யாணப் படமே அந்த நாயோடு மாட்டியிருந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. "ஆமாங்க மேஸ்திரி, அதிஷ்டக்காரப் பொண்ணு" என்றார்கள்.

அக்காவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. சாக்குக் குவியலுக்குப் பின்னால் என்னைக் கூட்டிப் போய் போட்டோவைக் காட்டினாள்.

"நாய் வாலப் பாரு தனம். சீமை நாய்க்கு வாலு இப்டியா சுருளும்? நம்ம கமிட்டி நாயி இது. கீழ பாரு. ரோடு பொடவ கொசுவம் மாதிரி மடிஞ்சிக்கினு இருக்குது. அதுக்குக் கீழ சிமெண்டுத் தரை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் என் வாயைப் பொத்தினாள்.

"சிரிச்ச, அப்பாவுக்கு முன்னாடி நானே கொன்னுடுவேன்."

"அப்போ இன்னாத்துக்குக்கா இந்த ஆளக் கட்டிக்கிற?"

"கையப் பாரு. சைக்கிள எப்டிப் புடிச்சிக்கினு இருக்கான். கன்னுக்குட்டியப் புடிக்கிற மாதிரி. இவன் அடிக்கமாட்டான்."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"தெரியாது. அடிக்காத வூடு ஒண்ணு வேணும். அது சீமையில இருந்தா இன்னா, திண்டிவனத்துல இருந்தா இன்னா. தாலி ஏர்ற வரைக்கும் அப்பாவுக்குத் தெரியக்கூடாது. அப்பால உன்னையும் அங்க இழுத்துக்குவேன்."

அதிலிருந்து நான் யாரிடமும் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். அது அப்படியே பழகிவிட்டது.

பெண் பார்க்கப் பையனின் அம்மாவும் தாய்மாமனும் மட்டும் வந்தார்கள். அப்பா கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "கப்பல்லயா போறது, ஏரோப்ளேன்லயா?" என்று கேட்டார். அதற்குள் அம்மாவுக்கும் விஷயம் தெரியும், நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்தோம். தாய்மாமன், மேஸ்திரி போட்டோவை வைத்துக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார். "எங்க சேகருக்கு சைக்கிளே ஏரோப்ளேன்தாங்க" என்று சொல்லிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அக்கா கையில் இருந்த காபித் தட்டு கடகடவென்று ஆடியது. வெட்கம் என்று அந்த அம்மா சொன்னார்கள்.

கல்யாணம் மயிலம் மலைக்கோயிலில். காலை முகூர்த்தம். சேகரை அங்கேதான் முதலில் பார்த்தோம். ஒல்லி. நகக்கண்ணில் கிரீஸ், எவ்வளவு தேய்த்தாலும் போகாத கருப்பு. அப்பா அதைப் பார்க்கவில்லை. கமிட்டி ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார், அவர்களை உட்கார வைப்பதிலேயே இருந்தார். தாலி ஏறியது. அக்கா குனிந்த தலையை நிமிர்த்தி என்னைத் தேடினாள். ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள்.

அடிவாரத்துச் சத்திரத்தில் சாப்பாடு. முதல் பந்தி உட்கார்ந்ததும் அப்பா ஒரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார். உள்ளே ஒரு கம்பளி ஸ்வெட்டர். அரக்குக் கலர்.

"எல்லாரும் பாத்துக்கங்கடா. அங்க பனி கொட்டுமாம். எம் பொண்ணு நடுங்கக்கூடாது."

அப்பா எங்களுக்கு ஒரு பொருள் வாங்கிக் கொடுத்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

தாய்மாமன் சாம்பாரைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "வுடமாட்டீங்களே மேஸ்திரி கிண்டல! திண்டிவனத்துல வேர்வையில பனியனே முதுவுல ஒட்டிக்குது. ஸ்வெட்டரு இன்னாத்துக்கு?"

"திண்டிவனம் எங்கய்யா வந்துச்சு? சீமையில…"

"பஞ்சர் ஒட்றவனுக்கு ஏதுங்க சீமை? அது தாஸ் ஸ்டுடியோ துணிங்க. நானுந்தான் அதுல நின்னு போட்டோ எடுத்துக்கினு இருக்கேன்."

 பிறகு கமிட்டி ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் ஒருத்தன் மூக்கால் சிரித்தான். அடுத்தவன் சிரித்தான். அப்புறம் வரிசை முழுக்க. மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்த சிரிப்பு, ஒருத்தனாலும் நிறுத்த முடியவில்லை, சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சாம்பார் வாளி பக்கத்தில் இருந்தது. அதைத் தூக்கித் தாய்மாமன் தலையில் கவிழ்த்தார். அவர் இலையிலேயே உருண்டார். நாயகம் பின்பக்கமாக நழுவப் பார்த்தார். அப்பா இடுப்பில் செருகியிருந்த கொக்கி அவர் சட்டையில் மாட்டி இழுத்தது, சட்டையோடு தோளும் கிழிந்தது. "மாமா, மாமா" என்று சேகர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு குறுக்கே வந்தார். அப்பா அவர் தலைமுடியைப் பிடித்துக் கல்தூணில் மோதினார். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. புது வேட்டி சிவப்பாகியது.

அடுத்து அக்கா. தாலிக் கயிற்றைப் பிடித்தார். "இங்கயே அறுத்துடறேன்டி" என்று முறுக்கினார். கயிறு அவள் கழுத்தில் இறங்கியது. அக்கா கத்தவில்லை. அவர் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வாயில் வழிகிற வரைக்கும் விடவில்லை. கடைசியில் அப்பாதான் விட்டார். எங்கள் வீட்டில் ஒருத்தரால் அவருக்குக் காயம் பட்டது அதுவரை இல்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கீழே கிடந்த நாயகத்தின் பையைக் கொட்டி, அவர் திரும்ப வாங்கி வைத்திருந்த போட்டோவை எடுத்தார். பின்பக்கம் ஒரு முத்திரை இருந்தது. அவருக்கு எழுத்து தெரியாது. என் ஜடையைப் பிடித்து இழுத்தார்.

"படி."

தாஸ் ஸ்டுடியோ, திண்டிவனம் என்று படித்தேன். நான் படிக்காவிட்டால் வேறு யாராவது படித்திருப்பார்கள்.

என்னையும் லாரியில் தூக்கிப் போட்டார். சிரித்த கமிட்டி ஆட்களும் பயத்தில் பின்னால் ஏறிக்கொண்டார்கள். போர்டு பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் அவருக்கு. டிரைவருக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.  அக்கா கடித்த இடத்தில் அவர் ஸ்வெட்டரைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. பின்கட்டில் தாஸ் அண்ணனின் சம்சாரம் மேரி அக்கா வஜ்ஜிரம் காய்ச்சிக்கொண்டு இருந்தார், துணியில் வண்ணம் உதிர்ந்த இடத்தைச் சரி பண்ண. உள் அறையில் ஓமந்தூரிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு விளக்குக்கு நடுவில் நின்றிருந்தார்கள். அப்பாவின் கையைப் பார்த்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அப்பா அந்தத் தெருவுக்கு முன்னால் நின்றார்.  அவர் உயரத்துக்கு அதில் ஒரு வாசல் இருந்தது, அதற்குள் அந்தச் சின்னக் கதவு. அதைத் தொட்டார். கை உள்ளே போயிற்று. தெரு முழுக்க ஆடியது.

"துணி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

பிறகு கொக்கியைக் கோபுரத்தின் உச்சியில் குத்தினார். மூட்டை இழுக்கிற மாதிரி உடம்பு கனம் முழுக்கப் போட்டுக் கீழே இழுத்தார். கோபுரம், ஜன்னல், காலேஜ் வாசல், ரோடு, எல்லாம் ரெண்டாகப் பிளந்தது. பின்னால் வெள்ளையடித்த சுவரும், சாத்தி வைத்த துடைப்பமும், தாஸ் அண்ணனின் சாப்பாட்டுத் தூக்கும் இருந்தன.

"அண்ணே, அண்ணே, இன்னா வேணும் சொல்லுங்க" என்று தாஸ் அண்ணன் கேமராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கொக்கியின் பிடி அவர் தாடையில் இறங்கியது. கமிட்டி ஆட்கள் கண்ணாடி, நாற்காலி, சுவர்ப் படம், எதையும் விடவில்லை. ஒரு விளக்கு வெடித்தது. என் முழங்கைக்குக் கீழே சூடாக இருந்தது, பார்த்தால் கண்ணாடித் துண்டு குத்தி நின்றுகொண்டு இருந்தது. நானே பிடுங்கிப் போட்டேன். மேரி அக்கா பின்கட்டிலிருந்து வஜ்ஜிரப் பாத்திரத்தோடு வந்தார்.  அப்படியே அப்பாவின் முதுகில் ஊற்றினார்.

அப்பா அலறியது தெருவுக்குக் கேட்டது. பக்கத்துக் கடைதான் சேகர் வேலை செய்கிற சைக்கிள் கடை. செயின், ஸ்பேனர், ஃபோர்க், கையில் கிடைத்ததோடு வந்தார்கள். டீக்கடை ஆட்கள் வந்தார்கள். வெளியே லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. கமிட்டி ஆட்கள் ஒருத்தரும் இல்லை. மேஸ்திரியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களும் இந்த நாளுக்குக் காத்துக்கொண்டு இருந்தார்கள் போல.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிழிந்த துணியின் மேல் அப்பாவைப் போட்டு அடித்தார்கள். கோபுரம் எது, அப்பாவின் சட்டை எது என்று தெரியவில்லை.

ஒரு வாடகை வேனில் சேகரும் அக்காவும் சேகரின் அம்மாவும் வந்து இறங்கினார்கள். சேகரின் தலையில் துண்டு கட்டியிருந்தது, அதிலும் ரத்தம். கூட்டம் வழி விட்டது. சைக்கிள் கடை முதலாளி காற்றடிக்கிற பம்பைச் சேகர் கையில் கொடுத்தார்.

"உன் பங்கு ஒண்ணு போடுறா. முட்டியில போடு. ஏந்திரிக்கவே கூடாது."

"வேணாங்க" என்றார் சேகர்.

"கல்யாண மாப்ளய தூணுல மோதிக்கினு வந்திருக்கான். போடுறா. பொட்டையாடா நீ?"

நாலு பேர் சிரித்தார்கள். சேகர் அடித்தார். முதல் அடி பயந்து அடித்தார். ரெண்டாவது அப்படி இல்லை. மூன்றாவதுக்கு அப்பாவின் முட்டியில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. சேகர் நிறுத்தவில்லை.

அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "போதும். வுடுங்க."

சேகர் திரும்பினார். யார் என்று பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் அடித்தார். புறங்கையால், அக்காவுக்குக் கேட்கிற காதின் பக்கம். அவள் அப்பாவுக்குப் பக்கத்திலேயே போய் விழுந்தாள்.

பம்பு கீழே விழுந்து உருண்டது. சேகர் அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். "செல்வி… ஆத்திரத்துல தெரியாம…" என்றார். நிஜமாகவே அழுதார்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். வாயைத் துடைத்தாள். தாலிக் கயிற்றை ரெண்டு கையாலும் பிடித்துத் தலைவழியாகக் கழற்றினாள். பூவில் சிக்கியது, பொறுமையாக எடுத்தாள். அதைச் சேகரின் கையில் வைத்தாள்.

"நீங்க அடிக்கமாட்டீங்கன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். சேகரின் அம்மா மார்பில் அடித்துக்கொண்டார். "கல்யாணச் சோறு கூட எறங்கலியேடி பாவி, அதுக்குள்ள கழட்டறியே!"

"அதான் அத்தை. இப்பவே கழட்டிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது."

அதுவரைக்கும் அப்பாவை அடித்த கூட்டம் இப்போது அக்காவைத் திட்டியது. என்னென்ன வார்த்தை என்று எழுத வேண்டாம். தாஸ் அண்ணன் வீங்கின தாடையோடு எழுந்து வந்து, "எல்லாம் வெளிய போங்க. கடைய சாத்தணும்" என்றார். அப்பாவை ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போலீஸ் வந்து கேட்டபோது அப்பா, "வுழுந்துட்டேன்" என்றாராம். அம்மாவுக்கு வருஷக்கணக்காக அவர் சொல்லிக் கொடுத்த பதில் அது.

மேரி அக்கா என் கையில் கட்டுப் போட்டார். செல்வி அக்கா அவரிடம், "கோணி ஊசி இருக்குதா?" என்று கேட்டாள். பக்கத்து மண்டியிலிருந்து ஊசியும் சணலும் வந்தது. தரையில் உட்கார்ந்து தெருவைத் தைக்க ஆரம்பித்தாள். சாக்குத் தையல்தான், வேறு தையல் அவளுக்குத் தெரியாது. ரெண்டு ஓரத்தையும் நான் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் உதடு வீங்கிக்கொண்டே வந்தது.

"வுடும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் மேரி அக்கா.

"கை சும்மா இருந்தா நடுங்குதுக்கா."

வெளிச்சம் போவதற்குள் தைத்து முடித்தாள். அப்புறம் தாஸ் அண்ணன் அதன்மேல் வண்ணம் பூசினார். ஆனாலும் கோபுரத்திலிருந்து ரோடு வரைக்கும் ஒரு கோடு தெரியும். யாராவது கேட்டால், "சீமைக்கு இப்பதான் கரண்டு வந்துச்சு, ஒயரு அது" என்பார். திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் பழைய கல்யாணப் படம் வைத்திருக்கிறவர்கள் எடுத்துப் பாருங்கள். அது எங்கள் அக்காவின் தையல்.

நாங்கள் ரெண்டு பேரும் விழுப்புரம் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவோடு அம்மா மட்டும் போனாள். மேரி அக்கா பின்கட்டில் இடம் கொடுத்தார். அக்கா போட்டோவுக்கு வருகிறவர்களுக்குத் தலை வாரி, பவுடர் போட்டுவிடுகிற வேலை பார்த்தாள். சேகர் ரொம்ப நாள் வந்தார். கடைக்கு எதிரில் நிற்பார். அக்கா அவருக்கு ஒரு முறை தண்ணீர் கொடுத்தாள். போகச் சொன்னாள். பிறகு அவர் பெருமுக்கல் பக்கத்தில் பெண் எடுத்தார். அந்தப் பெண்ணை ஒரு நாளும் அடித்ததில்லை என்று கேள்விப்பட்டேன். அக்காவிடம் அதைச் சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்றாள். அவள் செய்தது சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளிடமே கேட்டேன். "தெரிஞ்சிக்கினா கழட்டினேன்?" என்றாள்.

அப்பாவின் முட்டி மடங்கவே இல்லை. மூட்டை தூக்குகிற வேலை போயிற்று. சாகிற வரைக்கும் அம்மாதான் சோறு போட்டாள். தட்டை வைத்துவிட்டு அவர் கை எட்டாத தூரத்தில் போய் உட்காருவாள். கடைசி வரைக்கும் அந்தத் தூரம் குறையவில்லை.

இப்போது ஸ்டுடியோ இருந்த இடத்தில் மொபைல் கடை. தாஸ் அண்ணனும் இல்லை, மேரி அக்காவும் இல்லை. கடையை விற்கும்போது அந்தத் துணியை ஒரு வைக்கோல் லாரிக்காரர் மேலே போர்த்த வாங்கிப் போனார். ரெண்டு மழைக்கு வண்ணம் கரைந்திருக்கும். கமிட்டியில் சாக்கு தைக்கிற பெண்கள் இல்லை, எல்லாம் பிளாஸ்டிக் பை, மிஷினே வாய் தைத்துவிடுகிறது. கொக்கியை நான் பார்த்தே ரொம்ப வருஷம் ஆகிறது.

போன மாசம் என் பெண் அவள் போனில் நிஜமான அந்தத் தெருவைக் காட்டினாள். விரலால் தள்ளினால் போய்க்கொண்டே இருக்கிறது. மழை பெய்து ரோடு நனைந்திருக்கிறது. மாடி பஸ் போகிறது. ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு, கையில் கடைப் பையோடு போகிறார்கள். கோபுரம் அப்படியே இருக்கிறது, கல்தான் கொஞ்சம் கருப்பு. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "யாரும் நிக்கல பாரு. எல்லாரும் நடந்துக்கினே கீறாங்க" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

அக்கா என்னோடுதான் இருக்கிறாள். வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு சின்னப் பையன், லோடு வண்டி ஓட்டுகிறான், கல்யாணம் ஆகி ஒரு வருஷம். போன வாரம் சாயங்காலம் அந்தப் பெண் கத்துகிற சத்தம் கேட்டது. பெல்ட் சத்தமும் கேட்டது. தெருவில் எல்லோரும் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். நேராக அவர்கள் வீட்டுக்குள் போனாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு சொம்பு தண்ணி குடு தாயி."

"பெரிம்மா, இது எங்க வூட்டு விஷயம். ஜல்தி கெளம்புங்க" என்றான் அவன்.

"தண்ணிதானப்பா கேட்டேன். குடிச்சிட்டுப் போறேன்."

நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் சொம்பைக் கொண்டுவந்து வைத்தாள். விளிம்பு வரைக்கும் தண்ணீர். அவன் பெல்ட்டோடு நின்றுகொண்டே இருந்தான். அக்கா ஒரு வாய் குடித்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். அதில் இன்னும் முக்கால்வாசித் தண்ணீர் இருந்தது.